பிள்ளை வரும் வழி: வளைகுடாத் தமிழரும் நாடு கடந்த தத்தெடுப்பும்

2025 ஜனவரி 29 அன்று சுவிற்சர்லாந்து அரசாங்கம், வெளிநாடுகளிலிருந்து குழந்தைகளைத் தத்தெடுப்பதை முற்றாக நிறுத்த எண்ணியிருப்பதாக அறிவித்தது. அதற்கு முன்னர், 2024 மே மாதத்தில், நெதர்லாந்து இதனைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவருவதாகக் கூறியிருந்தது. 2024 செப்டெம்பரில், நெருங்கிய உறவினரும் மாற்றாந்தாய் தந்தையரும் தவிர வேறெவருக்கும் இனி வெளிநாட்டுக்குப் பிள்ளை கொடுப்பதில்லை என்று சீனா அறிவித்தது. சுவிற்சர்லாந்தில் இந்த முடிவுக்கு எதிர்ப்பும் உண்டு. ஆனாலும் அரை நூற்றாண்டாகத் திறந்திருந்த ஒரு வாசல் உலகெங்கும் மூடப்பட்டு வருகிறது.

இதே காலத்தில் அல் ஐன், அபுதாபி, துபாய், தோஹா போன்ற நகரங்களில் பிள்ளையில்லாத் தமிழ்த் தம்பதியர் பலர் அந்த வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள், கனேடிய அல்லது பிரித்தானியக் கடவுச்சீட்டுடன் வேலைக்கு வந்த எம்மவர்கள் என எல்லோரும் இதில் அடக்கம். ஊரில் அக்காவின் கடைசிப் பிள்ளையை எடுத்து வளர்க்கலாமா, இல்லத்தில் இருக்கும் ஒரு குழந்தைக்கு விண்ணப்பிக்கலாமா, இங்கேயே யாரோ பெற்ற பிள்ளையை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கேள்விகள் எளிமையானவை. பதில்கள் அப்படி இல்லை. ஏன் இல்லை என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், ஐரோப்பா இன்று வாசலை மூடுவதன் காரணத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காரணத்தில் பெரும் பங்கு இலங்கையுடையது.

கொழும்பிலிருந்து போன குழந்தைகள்

1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக்கொடுக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 11,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. 2017இல் நெதர்லாந்தின் 'செம்பிளா' தொலைக்காட்சி நிகழ்ச்சி இதன் உள்விவகாரத்தை வெளிக்கொணர்ந்தது. குழந்தைகளைச் சேர்த்து விற்பதற்கென்றே 'குழந்தைப் பண்ணைகள்' இருந்தன. வைத்தியசாலைகளிலிருந்து குழந்தைகள் எடுக்கப்பட்டன. நீதிமன்றத்தில் பிள்ளையைக் கையளிக்கப் பெற்ற தாய் வரவில்லை. தாயாக நடிப்பதற்குக் காசு வாங்கிய வேறொரு பெண் வந்தாள். அப்போதைய இலங்கைச் சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன, இப்படியான பண்ணைகள் இருந்ததை அந்த நிகழ்ச்சியிலேயே ஒப்புக்கொண்டார்.

2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் யூஸ்ட்ரா ஆணைக்குழு, இலங்கை, பங்களாதேஷ், இந்தோனேசியா, பிரேசில், கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. முறைகேடுகள் நடப்பது அரசுக்குத் தெரிந்திருந்தும் அது தடுக்கவில்லை என்பதே முடிவு. 2020இல் வெளியான சுவிஸ் ஆய்வும் இதையே சொன்னது: கொழும்பிலிருந்த சுவிஸ் தூதரகம் 1980களின் தொடக்கத்திலேயே குழந்தை வியாபாரம் பற்றி அறிந்திருந்தது, ஆனாலும் விசாக்கள் தொடர்ந்து வழங்கப்பட்டன.

இன்று அந்தக் குழந்தைகளுக்கு நாற்பது வயதாகிறது. கையில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறது, அதில் ஒரு தாயின் பெயர் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. இலங்கைக்கு வந்து அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து மரபணுப் பரிசோதனை செய்தால், அவள் தாயில்லை என்று முடிவு வருகிறது. தத்தெடுத்த பெற்றோரில் பலர் நல்லவர்கள். பிள்ளையை அன்பாகவே வளர்த்தவர்கள். அவர்களுடைய அன்பில் குறை எதுவும் இருக்கவில்லை. பொய்யாகிப் போனது காகிதம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தப் பொய்யின் விலையைக் கொடுப்பது பிள்ளை.

தமிழகத்துக்கும் இந்தப் பழியில் பங்குண்டு. சென்னையில் 'மலேசியன் சோஷியல் சர்வீசஸ்' என்ற தத்து நிறுவனத்தின் விவகாரம் 2005இல் வெடித்தது. ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் அதன் வழியாக வெளிநாடுகளுக்குப் போயிருந்தார்கள். 1999இல் பெற்றோரின் பக்கத்தில் படுத்துறங்கிய ஒரு குழந்தை, சில ஆண்டுகளின் பின்னர் நெதர்லாந்தில் வேறு பெயரில் வளர்வதாகத் தெரியவந்தது.

நாடு கடந்த தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இப்படியான அனுபவங்களின் விளைவு. பிள்ளைக்கு முதலில் சொந்தக் குடும்பம், இல்லாவிட்டால் சொந்த நாட்டில் ஒரு குடும்பம், அதுவும் இல்லாவிட்டால்தான் வெளிநாடு என்பது அதன் அடிப்படை. இரு நாடுகளிலும் அரசின் மத்திய அதிகாரபீடம் ஒன்று பொறுப்பேற்க வேண்டும். எவரும் இதில் இலாபம் பார்க்கக் கூடாது. இலங்கை 1995இலும் இந்தியா 2003இலும் இதனை ஏற்றுக்கொண்டன.

ஒரு பிள்ளைக்கு மூன்று நாட்டுச் சட்டம்

ஐக்கிய அரபு இராச்சியம் இந்த உடன்படிக்கையில் சேரவில்லை. சவூதி அரேபியா, கட்டார், குவைத், பஹ்ரைன், ஓமான் எதுவும் சேரவில்லை. இது கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. இஸ்லாமியச் சட்டம், பிள்ளையின் வம்சத்தை மாற்றி இன்னொருவரின் பெயரில் எழுதும் முழுத் தத்தை ஏற்பதில்லை. ஐ.நா. சிறுவர் உரிமைகள் சாசனத்தில் 1997இல் இணைந்தபோது, தத்தெடுப்புப் பற்றிய 21ஆவது உறுப்புரையை அமீரகம் ஒதுக்கீடு செய்தே இணைந்தது.

தத்துக்குப் பதிலாக அங்குள்ளது கபாலா. அல் ஐனில் வேலை செய்யும் எவருக்கும் கபீல் என்ற சொல் பழக்கமானது: எமது விசாவுக்குப் பொறுப்பாளி. அதே வேரிலிருந்து வந்ததுதான் பிள்ளைக்கான கபாலாவும். பொறுப்பேற்கலாம், உணவும் கல்வியும் கொடுக்கலாம், வீட்டில் வைத்து வளர்க்கலாம். ஆனால் பிள்ளையின் மூலப்பெயர் அழிவதில்லை. வாரிசுரிமை தானாக வருவதுமில்லை. பெற்றோர் யாரெனத் தெரியாத குழந்தைகளுக்கென அமீரகம் 2012இலும் பின்னர் 2022இலும் இயற்றிய சட்டங்கள் இந்த அடிப்படையில் அமைந்த பராமரிப்பையே ஒழுங்குபடுத்துகின்றன.

எனவே அல் ஐனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளை எடுக்க முனைந்தால் மூன்று சட்டங்களுக்கு இடையில் நிற்கிறது. பிள்ளை பிறந்த நாட்டின் சட்டம் தத்தைத் தீர்மானிக்கிறது. பெற்றோரின் கடவுச்சீட்டு நாட்டின் சட்டம் பிள்ளைக்கு அந்தக் குடியுரிமை கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. வாழும் நாட்டின் சட்டம் பிள்ளை உள்ளே வந்து தங்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒன்று சரியாகி இன்னொன்று தவறினால் பிள்ளை எங்கோ ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும்.

மேற்குநாட்டுக் கடவுச்சீட்டுடன் வளைகுடாவில் பணிபுரியும் எம்மவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். "நாங்கள் கனேடியர்கள், ஆகவே கனேடிய வழி எங்களுக்குத் திறந்திருக்கும்" என்று எண்ணுகிறார்கள். ஹேக் உடன்படிக்கை பார்ப்பது கடவுச்சீட்டை அல்ல, வழமையாக வாழும் நாட்டை. ஐந்து ஆண்டுகளாக அல் ஐனில் வாழ்பவர் ரொறன்ரோவிலிருந்து விண்ணப்பிப்பவரைப் போல நடத்தப்படமாட்டார். வேலை ஒப்பந்தத்தில் ஒப்பமிடுவதற்கு முன்னரே கேட்டறிய வேண்டிய விடயம் இது.

இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால்

இந்த மூன்று சட்டங்களையும் ஓரளவு இணைத்து வைத்திருப்பது இந்தியாவின் ஏற்பாடுதான். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையம் எல்லா விண்ணப்பங்களையும் ஒரே இணையவாயிலில் பதிவுசெய்கிறது. வெளிநாடு வாழ் இந்தியர், உள்நாட்டில் வாழ்பவருக்குச் சமமான முன்னுரிமை பெறுகிறார். அங்கீகரிக்கப்பட்ட முகவரகம் இல்லாத நாடுகளில் இந்தியத் தூதரகமே அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. அல் ஐனில் இருப்பவருக்கு அது சுமார் 160 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அபுதாபி.

குடும்ப நிலை பற்றிய ஆய்வறிக்கை, பிள்ளையின் விபரங்கள் கிடைத்ததும் ஏற்றல், காராவின் ஆட்சேபமின்மைச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, பிள்ளைக்குக் கடவுச்சீட்டு என்று படிகள் தொடர்கின்றன. 2022 செப்டெம்பருக்கு முன்னர் தத்து ஆணையை நீதிமன்றம் வழங்கியது. இப்போது மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். பிள்ளை வந்த பின்னரும் வேலை முடிவதில்லை. முதலாவது ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் இரண்டாவது ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பிள்ளையின் நிலை பற்றிய அறிக்கை போக வேண்டும்.

வயது வரம்பும் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் தம்பதியரின் வயதுகளின் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. பத்து ஆண்டுகள் சிகிச்சைக்கு அலைந்து, நம்பிக்கையிழந்து, பின்னர் பதிவுசெய்பவர்கள் இந்த எல்லையை நெருங்கிவிடுகிறார்கள். சிகிச்சையா தத்தா என்று ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்குவது எமது வழக்கம்; அந்த வழக்கத்துக்குக் காலம் காத்திருப்பதில்லை.

தத்து ஆணை கையில் வந்த பின்னரே அமீரகத்தின் பங்கு தொடங்குகிறது. ஆணையும் பிறப்புச் சான்றிதழும் இந்திய வெளியுறவு அமைச்சிலும் அமீரகத் தூதரகத்திலும் அத்தாட்சி பெற வேண்டும். குடும்பத்தினருக்கு விசா எடுக்கும் தகுதிக்கு மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமுடன் தங்குமிடம் என்ற வருமான எல்லை இருக்கிறது. அல் ஐனின் பண்ணைகளிலும் கட்டட வேலைகளிலும் உள்ள பெரும்பாலான எமது தொழிலாளர்களுக்கு இந்த எல்லையே கதவடைப்பு. வளைகுடாவில் பெற்ற பிள்ளையையே அருகில் வைத்திருக்க முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதை இந்தப் பேச்சில் மறந்துவிடக் கூடாது.

இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தால்

இலங்கையில் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. விண்ணப்பதாரர் 25 வயதுக்குக் குறையாதவராகவும் பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். குழந்தைப் பண்ணைகளின் அவமானத்துக்குப் பின்னர், 1992இன் திருத்தச் சட்டம் வெளிநாட்டு விண்ணப்பங்களை நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளரின் கைக்குக் கொண்டுவந்தது. தரகர் ஊடாகவோ தனியார் ஊடாகவோ பிள்ளை தேட முடியாது.

அல் ஐனில் இருக்கும் இலங்கையர் ஒருவர், திணைக்களம் தன்னை உள்நாட்டு விண்ணப்பதாரராகக் கொள்கிறதா வெளிநாட்டு விண்ணப்பதாரராகக் கொள்கிறதா என்பதை முதலில் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சில் கிடைத்த உறுதியை நம்பி ஊருக்குப் போய், விடுமுறை முடிந்தும் வழக்கு முடியாமல் திரும்புவது பணத்தை மட்டும் தின்பதில்லை. அதற்குள் பிள்ளையுடன் மனம் ஒட்டியிருக்கும்.

உறவுக்குள் கொடுப்பதும் வாங்குவதும்

எமது சமூகத்தில் தத்து என்றால் பெரும்பாலும் உறவுக்குள்தான். அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள், தம்பிக்கு ஒன்றுமில்லை என்றால் ஒன்றைக் கொடுப்பது வழக்கம். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையிலேயே பிள்ளை சுவீகாரத்துக்கு இடமுண்டு: உறவினரின் சம்மதத்தோடு, சாட்சிகள் முன்னிலையில், மஞ்சள் நீர் அருந்தி ஏற்றுக்கொள்வது முறை. அன்றைய யாழ்ப்பாணத்தாரும் இதனை மூடிய அறைக்குள் செய்யவில்லை. ஊரறியச் செய்ய வேண்டும் என்ற அறிவு அதில் இருந்தது.

இன்று அந்த ஊரின் இடத்தில் அரசு இருக்கிறது. இந்தியச் சிறார் நீதிச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, வெளிநாட்டில் வாழும் உறவினர் இந்தியாவிலுள்ள உறவுப் பிள்ளையைத் தத்தெடுக்க வழி செய்கிறது. ஆனால் 'உறவினர்' என்பதற்குச் சட்டம் வைத்த எல்லை குறுகியது: பிள்ளையின் தாய் தந்தையரின் உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி. ஒன்றுவிட்ட சகோதரரின் பிள்ளையை எமது மொழி 'மகன்' என்றே அழைக்கும். சட்டம் அப்படி அழைப்பதில்லை. ஐந்து வயதைக் கடந்த பிள்ளையாக இருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். பெரியவர்கள் கூடி முடிவெடுக்கும் எமது வழக்கத்தில் இல்லாத நல்ல ஒழுங்கு இது.

இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமும் உண்டு. இதன் கீழ் எடுத்த பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வது நீண்டகாலம் சிக்கலாக இருந்தது. நீதிமன்றப் படியேறியவர்கள் பலர். 2021இன் விதித் திருத்தமே, மாவட்ட நிர்வாகம் சரிபார்த்த பின்னர் காரா ஆட்சேபமின்மைச் சான்று வழங்கும் நடைமுறையைக் கொண்டுவந்தது. கிறிஸ்தவ, முஸ்லிம் தமிழர்கள் சிறார் நீதிச் சட்டத்தின் வழியே போகலாம்; எந்த மதத்தவரும் இச்சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது.

குறுக்குவழியின் விலை

வழி நீளமாக இருந்தால் குறுக்குவழி முளைக்கும். ஊரில் தெரிந்த வைத்தியசாலையில் தத்தெடுக்கும் பெண்ணின் பெயரையே பெற்ற தாயாக எழுதிப் பிறப்பைப் பதிவுசெய்வது ஒன்று. வளைகுடாவிலேயே, தன் பிள்ளையை வைத்திருக்க முடியாத நிலையிலுள்ள ஒரு பணிப்பெண்ணின் குழந்தையைப் பேச்சளவில் வாங்கிக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் செய்பவர்கள் புண்ணியம் செய்வதாகவே நினைக்கிறார்கள். "அநாதையாகப் போகாமல் ஒரு பிள்ளை வாழட்டும், யாருக்கு என்ன நட்டம்?"

நட்டம் பிள்ளைக்கு. அமீரகத்தில் பிறப்பதால் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பதில்லை. பெற்ற தாயின் நாடே பிள்ளையின் நாடு. அவளுடைய தூதரகத்தில் பதிவு நடக்காவிட்டால் பிள்ளைக்கு எந்த நாடும் இல்லை. தடுப்பூசி அட்டை, பாடசாலை, வைத்தியக் காப்புறுதி, விமானப் பயணம் என ஒவ்வொரு படியிலும் கேள்வி எழும். பொய்ப் பதிவு என்று தெரியவந்தால் பிள்ளையை வளர்த்தவர்களிடமிருந்து பிரிப்பார்கள். இந்தியச் சட்டத்தில் முறை மீறிய தத்துக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும், பிள்ளையை விற்றல் வாங்கலுக்கு ஐந்து ஆண்டுகள் வரை கடூழியச் சிறையும் உண்டு.

தாளில் இல்லாத மனிதனின் வாழ்க்கை என்னவென்று எம்மை விட அறிந்தவர் யார்? எரிந்துபோன பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்காக, இடம்பெயர்வில் தொலைந்த அடையாள அட்டைக்காக, அகதி விசாரணையில் நிரூபிக்க முடியாமல் போன ஒரு திகதிக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த சமூகம் நாங்கள். அந்த அலைச்சலை எமது கையாலேயே ஒரு குழந்தைக்கு எழுதிவைக்கலாமா?

இத்துடன் சேர்ந்தது பிள்ளையிடம் மறைப்பது. 'மலடி' என்ற சொல்லுக்கு அஞ்சி, வயிற்றில் துணி கட்டிக் கர்ப்பம் காட்டி, பிள்ளைக்குக் கடைசிவரை சொல்லாமல் வளர்த்த கதைகள் எமது ஊர்களில் உண்டு. இந்திய விதிகள் பதினெட்டு வயதான தத்துப்பிள்ளைக்குத் தன் வேரைத் தேடும் உரிமையைக் கொடுக்கின்றன. நெதர்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்து தாய் தேடுகிறவர்கள் கேட்பதும் உண்மையைத்தான். சிறு வயதிலேயே அறிந்து வளரும் பிள்ளைக்கு அது ஒரு செய்தி மட்டுமே. முப்பது வயதில், ஒரு மரணவீட்டில், யாரோ ஒரு உறவினரின் வாயிலிருந்து கேட்பவருக்கு அது இடி.

நேர்வழி மட்டும் சுத்தமா?

சட்டத்தின் பக்கம் நின்று பேசும்போது சட்டத்தின் தாமதத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்திய நாடாளுமன்ற நிலைக்குழு 2022 ஓகஸ்டில் வைத்த அறிக்கையின்படி, 2021 டிசெம்பரில் காராவில் பதிவுசெய்து காத்திருந்த பெற்றோர் 27,939 பேர். இல்லங்களில் தத்துக்கு ஏற்றவர்களாகக் கருதப்பட்ட பிள்ளைகள் 6,996 பேர். அவர்களில் சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்டவர்கள் 2,430 பேர் மட்டுமே. அதாவது மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள், கோப்பு நகராததால் இல்லத்திலேயே வளர்கிறார்கள். காத்திருக்கும் காலம் மூன்று ஆண்டுகளாக நீண்டிருந்தது. குறுக்குவழித் தரகரை உருவாக்குவது இந்தத் தாமதந்தான். கோப்பு வேகமாக நகர்ந்தால் அவனுக்கு வேலையில்லை.

ஐரோப்பா வாசலை மூடுவதும் முழு விடையல்ல. மூடும் நாடுகள் தமது பழைய குற்றத்துக்குப் பொறுப்பேற்பது சரி. இலங்கையிலும் இந்தியாவிலும் இல்லங்களில் வளரும் சற்று மூத்த பிள்ளைகளையும், உடல்நலக் குறைபாடுள்ள பிள்ளைகளையும், உடன்பிறந்தோருடன் சேர்ந்தே போக வேண்டிய பிள்ளைகளையும் எவர் எடுப்பார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரே மொழி பேசும், ஒரே சோறு உண்ணும் வளைகுடாத் தமிழ்க் குடும்பம் அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலாக இருக்க முடியும். அதற்கு வழி நேராக இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. அபுதாபியிலும் துபாயிலும் உள்ள இந்திய, இலங்கைத் தூதுப்பணியகங்கள் தத்துக்கான நடைமுறையைத் தமிழில் எழுதி வெளியிடலாம். வளைகுடாவிலுள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, சட்டத்தரணி ஒருவரையும் ஏற்கெனவே தத்தெடுத்த குடும்பம் ஒன்றையும் பேசவைக்கலாம். பணிப்பெண்ணின் குழந்தை பற்றிய செய்தி வந்தால், "யாருக்கு வேண்டும்?" என்று கேட்பதற்கு முன்னர் அந்தத் தாயை அவளுடைய தூதரகத்துக்கு அழைத்துச் செல்லலாம். பெரும்பாலான தாய்மாருக்கு வேண்டியது பிள்ளையைக் கொடுக்கும் வழியல்ல. பிள்ளையுடன் ஊருக்குப் போகும் வழி.

ஏற்கெனவே தத்தெடுத்தவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அமீரகத்தில் முஸ்லிம் அல்லாதோருக்கான 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம், தமது சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. எழுதாமல் இறந்தால் பாதி துணைக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும்; அப்போது தத்துப்பிள்ளை 'பிள்ளை'தானா என்ற கேள்வியை ஊரிலுள்ள உறவினர் கிளப்ப இடமுண்டு. பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டு மரணசாசனத்தை எழுதிப் பதிந்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

பிள்ளை எடுக்கும் பெற்றோர் கொடுக்கும் முதல் சீதனம் ஒரு உண்மையான கோப்பு. அதில் பெற்றவளின் பெயர் இருக்கட்டும், பிறந்த ஊர் இருக்கட்டும், யார் சம்மதித்தார்கள் என்பது இருக்கட்டும். அதைச் சேர்க்க இரண்டு ஆண்டுகள், மூன்று ஆண்டுகள் கூடுதலாகப் போகலாம். பொய்க் கோப்புடன் போன இலங்கைப் பிள்ளைகள் நாற்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.